மடித்துப் பின் அடித்த சீட்டு

சர்க்கரை ஆலையில் யார் யாருக்கு ஜாமீன் என்கிற விவரம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நெவென்காதான்.

வீடு வாங்கவோ கூரை மாற்றவோ, எதற்காக வங்கிப் படியேறினாலும் அந்த ஊரில் முதல் கேள்வி, "ஜாமீனுக்கு யார்?" என்பதுதான். இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். அவர்களுடைய சம்பளச் சான்றில் ஆலையின் வட்ட முத்திரை விழுந்திருக்க வேண்டும். அந்த முத்திரை சம்பளப் பிரிவில், நெவென்காவின் மேசை இழுப்பறையில், மரக் கைப்பிடி வழவழத்துப் போய்க் கிடந்தது.

லாரி ஓட்டும் ஈவோவுக்கு எடைமேடை மாத்தோ ஜாமீன். மாத்தோவுக்கு ஆய்வுக்கூடத்து யாத்ரான்கா. யாத்ரான்காவுக்கு அதே ஈவோ. கையைக் கோத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறவர்கள் மாதிரி ஆலை முழுக்க இப்படித்தான் இருந்தது. ஒருவன் வழுக்கினால் மற்ற இருவரும் நனைய வேண்டியதுதான்.

இருபத்தாறு வருடத்தில் மூவாயிரம் சான்றுகளுக்காவது அவள் முத்திரை குத்தியிருப்பாள். அவற்றில் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. யாரும் அவளை ஜாமீன் கேட்டதில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். கடன் வாங்கியவன் கட்டாமல் போனால் வங்கியின் தாக்கீது வந்து விழுவதும் அவள் மேசையில்தான். ஜாமீன் போட்டவனின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து அனுப்புவது அவள் வேலை. பிடிப்பவளிடம் போய் யார் தோள் கேட்பார்கள்? கேண்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால், அதுவரை புருஷனையும் மாமியாரையும் வறுத்துக்கொண்டிருந்த மேசை சட்டென்று வானிலை பேசத் தொடங்கிவிடும்.

"மழை வரும்போல இருக்கில்ல?"

"வரும், வரும்."

நெவென்கா சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் நடக்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு பதினொரு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவும் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, ஜன்னலில் எட்டிப் பார்த்தால் திராவா ஆறு. அந்த வீட்டில் பாதி அவளுக்கு, மீதிப் பாதி ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தம்பி ஸ்லாவ்கோவுக்கு என்று அம்மா எழுதி வைத்திருந்தாள்.

2005 அக்டோபரின் முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, நல்லா இருக்கியா? ஆலையில பீட்ரூட் கிழங்கு சீசன் ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிச்சாச்சு. ஊரே நாறுது. நீ எப்ப வர்றே?"

"எப்பவும்போல சகல புனிதர் நாளுக்கு. கல்லறைக்குப் போகணுமில்ல. அப்புறம், அக்கா, உன் வீட்டுக்குக் கீழ் மாடியில பல் டாக்டர் இருக்காரே, அவரு எனக்குப் போன் பண்ணினாரு. நம்ம வீட்டுக்கு நாற்பதாயிரம் யூரோ தர்றேங்கறாரு."

"நம்ம வீட்டுக்கா? நான் குடியிருக்கேன்டா அதுல."

"தெரியும் அக்கா. இங்க கம்பெனி ஆளைக் குறைச்சிடுச்சு, எனக்கும் வேலை போயிடுச்சு. வீட்டுக் கடன் தலைக்கு மேல நிக்குது. என் பாதி இருபதாயிரத்தை நீயே குடுத்துட்டா வீடு உனக்கு. இல்லேன்னா டாக்டருக்கு வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துப்போம். வந்ததும் மறுநாளே நோட்டரிகிட்ட முடிச்சிடலாம்."

அவன் குரலில் குரூரம் இல்லை. அதனால் அவளுக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. போனை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தாள். நவம்பர் முதல் தேதிக்கு நான்கு வாரம் இருந்தது.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள் திஹானா. முப்பது வயது இருக்கும். விவரமான பெண்.

"வீட்டோட மதிப்பு நாற்பதாயிரம். கேக்கறது இருபதாயிரம். வீட்டை அடமானமா வெச்சுக்கறோம், அதுல பிரச்சினையே இல்ல மேடம். ஆனா அடமானம் மட்டும் போதாது. சேர்ந்து கடன் வாங்கறவங்க யாராவது இருக்காங்களா? கணவர்?"

"இல்ல."

"பிள்ளைங்க?"

"இல்லம்மா."

திஹானா படிவத்தின் கட்டங்களில் கோடு போட்டாள். இரண்டு கோடு.

"சரி, மூணு வழி இருக்கு. முதல் வழி, யூரோ கடன், ரெண்டு ஜாமீன். அஞ்சரை சதவீத வட்டி. அறுபத்தஞ்சு வயசுக்குள்ள கட்டி முடிக்கணும், அதனால பன்னிரண்டு வருஷம். உங்க சம்பளம் நாலாயிரத்து முன்னூறு குனா. மூணுல ஒரு பங்குக்கு மேல தவணை போகக் கூடாதுங்கறது விதி. இந்த வழியில இருபதாயிரம் சரியா அதுக்குள்ள வந்துடுது."

"ரெண்டாவது?"

"ஜாமீனே இல்லாம. வங்கிக்கு ஆபத்து அதிகம், அதனால வட்டி ஏழரை. வட்டி ஏறினா தவணை ஏறும், அதே மூணுல ஒரு பங்குக்குள்ள அடக்கணும்னா பதினெட்டாயிரம்தான் தர முடியும். கூடவே உங்க பேர்ல ஒரு ஆயுள் காப்பீடு எடுக்கணும். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அந்தப் பணம் வங்கிக்கு வரும்."

"அப்ப நான் செத்தா ஆதாயம் அடையறது நீங்க மட்டும்தான்."

திஹானாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவசரமாக அடுத்த காகிதத்தை எடுத்தாள். "இதுதான் மூணாவது. இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க. சுவிஸ் பிராங்க் கடன். வட்டி நாலரைதான். ஜாமீன் வேணாம். இருபதாயிரமும் முழுசா கிடைக்கும், தவணையும் மத்த ரெண்டையும்விடக் கம்மி."

"பிராங்கோட விலை ஏறினா?"

"வருஷக்கணக்கா அசையாம நிக்குது மேடம்."

"ஏறினா என்னம்மா ஆகும்?"

"தவணையும் ஏறும். பாக்கிக் கடனும் ஏறும்."

"எவ்வளவு வரைக்கும்?"

"அதுக்கு... வரம்பு கிடையாது."

நெவென்கா மூன்றாவது காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். "எனக்குச் சம்பளம் நம்ம நாட்டுக் குனாவுல. தம்பி கேக்கறது யூரோவுல. சுவிட்சர்லாந்துல எனக்கு யாரும்மா இருக்கா? கையில கட்டியிருக்கறதுகூட ரஷ்யாக் கடிகாரம்."

சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு ஒன்று தெரியும்: வரம்பு எழுதாத பிடித்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஆறு வருடம் கழித்து பிராங்க் எகிறியபோது அந்த மூன்றாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாட்டை ஊர் ஊராகப் பேசினார்கள். அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் தெரியாது. எச்சரிக்கை மட்டும்தான் இருந்தது.

"ரெண்டு ஜாமீன் கொண்டு வர்றேன்," என்றாள். கொண்டுவந்துவிட முடியும் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

தகுதியுள்ளவர்களைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை. ஆலையில் முன்னூற்றுப் பத்துப் பேர். யாருடைய சம்பளத்தில் பிடித்தம் இல்லை, யார் ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள், யார் இன்னும் நான்கு வருடத்தில் ஓய்வு பெறுகிறார்கள் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. மனதுக்குள்ளேயே சலித்ததில் பதினொரு பேர் மிஞ்சினார்கள்.

பதினொரு பேரில் ஒருவரின் வீட்டுக்குள்ளும் அவள் நுழைந்ததில்லை. ஒருவரின் பிள்ளைக்குக்கூடப் பிறந்தநாள் எப்போது என்று... இல்லை, அது தெரியும். வரிச்சலுகைப் படிவத்தில் இருந்தது.

முதலில் எடைமேடை மாத்தோவைக் கேட்டாள். பீட்ரூட் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் சாலைவரை வரிசை கட்டி நின்றன.

"பொண்டாட்டியக் கேக்கணும், நெவென்காம்மா," என்றான். மறுநாளிலிருந்து அவள் வருவதைப் பார்த்தாலே டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றான்.

இன்னொருவர் தன் மச்சானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாமவள் வங்கிகளையே தான் நம்புவதில்லை என்றாள்.

நான்காவதாக யாத்ரான்கா. ஆய்வுக்கூடத்தில் கிழங்கின் இனிப்பை அளப்பவள், போதாததற்கு தொழிலாளர் உதவி நிதிக்குப் பொருளாளர். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நெவென்கா வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் போகவில்லை. கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் யாத்ரான்கா தனியாக இருக்கும்போது போனாள்.

யாத்ரான்கா முழுவதையும் கேட்டாள். பாவமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடடா! உனக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன் சொல்லு. ஆனா என் சம்பளத்துலதான் பிடித்தம் போயிட்டிருக்கே. பிடித்தம் இருக்கறவங்கள வங்கி ஏத்துக்காதே. உனக்குத் தெரியாததா?"

நெவென்காவுக்குத் தெரியும். அந்தப் பிடித்தம் போன மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. யாத்ரான்காவின் பெயருக்கு நேரே இருந்த அந்த வரியை எடுத்தது அவளுடைய இதே கைதான். சொன்னவளுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். காதுமடல் சிவந்து போயிற்று. ஆனால் வெளியே வந்த சொல்லை எப்படி விழுங்குவது?

"ஆமாமில்ல," என்றாள் நெவென்கா. "மறந்தே போயிட்டேன்."

அதற்குப் பிறகு மீதி ஏழு பேரிடம் அவள் போகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் யாருக்கும் ஒரு பைசா கடன் வைக்காமல் இருந்ததைப் பெருமையாக நினைத்திருந்தாள். கணக்கு இப்படித் திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை. யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஆகவே அவளுக்கு எதுவும் தர வேண்டியவர்களும் யாரும் இல்லை.

கீழ் மாடியில் பல் டாக்டரின் இயந்திரம் கொய்ங் என்று ஓடியது. சுவரை எங்கே இடிப்பது என்று அவர் இப்போதே அளந்திருப்பார்.

மறு வாரம் சம்பளப் பிரிவின் சிறு ஜன்னலை யாரோ தட்டினார்கள். கொதிகலன் அறையில் வேலை பார்க்கும் ஆந்துன். ஐம்பத்தெட்டு வயது. புருவத்தில் கரித்தூள், கழுத்தில் துண்டு.

"ஒரு சம்பளச் சான்று வேணும், நெவென்காம்மா. ஜாமீன் போடறதுக்கு."

"இன்னும் உங்களுக்குப் புத்தி வரலியா?" அவளையும் அறியாமல் வந்துவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஆந்துன் தன் சிநேகிதன் யோஷாவின் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போட்டான். யோஷா மூன்று தவணை கட்டினான். நான்காவதுக்குக் கனடாவில் இருந்தான். அன்றிலிருந்து மாதாமாதம் ஆந்துனின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை நெவென்கா பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அவன் அங்க பனி தள்றான். நான் இங்க அவன் கடனைத் தள்றேன்," என்றான் ஆந்துன். "ரெண்டு பேருக்கும் முதுகு வலிதான். சரி, படிவத்தை எடுங்க. கடன் வாங்கறவர் பேருக்கு நேரா உங்க பேரைப் போடுங்க."

நெவென்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊரே பேசுது. மாத்தோ டிராக்டருக்குப் பின்னால ஒளியறானாம். அம்பது டன் எடை போடற ஆளு ஒரு கையெழுத்தோட எடைக்குப் பயப்படறான்."

"உங்களுக்குப் பிடித்தம் போகுது, ஆந்துன். வங்கி ஒத்துக்காது."

"மூணுல ஒரு பங்குதானே போகுது. மிச்சம் ரெண்டு பங்கு சும்மாதானே இருக்கு."

"ஏன் செய்யறீங்க? நான்தானே மாசாமாசம் பிடிக்கறேன்."

ஆந்துன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பதில் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"சம்பளச் சீட்டு குடுக்கறப்ப எல்லாருக்கும் விரிச்சபடி குடுப்பீங்க. என்னோடத மட்டும் மடிச்சு, மேல பின் அடிச்சுக் குடுப்பீங்க. பிடித்தம் எவ்வளவுன்னு வரிசைல நிக்கற பசங்க எட்டிப் பாத்துடக் கூடாதுன்னு. எட்டு வருஷம், ஒரு மாசம்கூட மறக்கல. எனக்கு என்ன, கண்ணு தெரியாதா?"

பிடித்தம் உள்ள எல்லோருக்கும் அவள் அப்படித்தான் செய்தாள். யாரும் கவனித்ததாக அவளுக்குத் தெரியாது.

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதியை நிரப்பும்படி விட்டுப் போனான். நெவென்கா கதவைச் சாத்திக்கொண்டு படிவத்தை மேசையில் வைத்தாள். பெயர், பணியில் சேர்ந்த தேதி, சம்பளம். அதற்குக் கீழே அந்த வரி: சம்பளத்தில் பிடித்தம் உண்டா?

இல்லை என்று எழுதினால் போதும். வங்கி முத்திரையைத்தான் பார்க்கும். முத்திரை இழுப்பறையில் இருந்தது. ஒருவேளை சந்தேகப்பட்டு ஆலைக்குத் தொலைபேசியில் கேட்டாலும், எடுத்துப் பேசப்போவது அவள்தான். மனது வைத்தால் இரண்டாவது ஜாமீனையும் அதே மாதிரி தேற்றிவிடலாம். கொதிகலன் அறையில் பிடித்தக்காரர்களுக்கா பஞ்சம்? வீடு தங்கும். ஆறு தங்கும். அம்மாவின் அலமாரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பேனாவை எடுத்தாள். ஆலையை விற்கப்போவதாக இரண்டு வருடமாகப் பேச்சு இருந்தது. வேலை போனால், அல்லது தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஆந்துனின் மிச்சம் இரண்டு பங்கில் இன்னொன்றும் போகும். அப்போது இந்த நாற்காலியில் யாரோ ஒரு புதிய பெண் இருப்பாள். சீட்டை விரித்தபடி கொடுப்பாள்.

'ஆம். மூன்றில் ஒரு பங்கு' என்று எழுதினாள். முத்திரையை அழுத்திக் குத்தினாள்.

மறுநாள் அதை ஆந்துனிடமே காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"கையில முத்திரைய வெச்சுக்கிட்டு... உங்கள மாதிரி ஆளை மியூசியத்துலதான் வைக்கணும்."

"வங்கிக்கு இது ஆகாது. ஆனா நான் வெச்சுக்கறேன்," என்றாள்.

"வெச்சுக்கிட்டு? சட்டம் போட்டு மாட்டப் போறீங்களா? எவ்வளவு குறையுது, அதைச் சொல்லுங்க."

"ஜாமீன் இல்லாம பதினெட்டாயிரம் தருவாங்க. ரெண்டாயிரம் யூரோ குறையுது. என் கையில நானூறு இருக்கு."

ஆந்துன் விரல்விட்டு எண்ணினான். "ஆயிரத்து அறுநூறு யூரோன்னா, கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் குனா. உதவி நிதியில மூணு மாசச் சம்பளம் வரைக்கும் குடுப்பாங்களே. வட்டி கிடையாது. ஒரு உறுப்பினர் கையெழுத்துப் போட்டா போதும். பிடித்தம் இருக்கா இல்லையான்னு அங்க கேக்கவே மாட்டாங்க. நீங்க உறுப்பினர்தானே?"

உறுப்பினர்தான். இருபத்தாறு வருடமாக மாதம் முப்பது குனாவைத் தன் பெயருக்கு நேரே தானே எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ வரி கட்டுவது மாதிரி பழகிவிட்டது. அது தனக்கும் சேர்ந்த பணம் என்பது ஒரு நாளும் தோன்றியதில்லை.

விண்ணப்பத்தை வாங்கிய பொருளாளர் யாத்ரான்கா, கீழே இருந்த ஆந்துனின் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கரிப் பெருவிரலின் தடம்கூட ஓரத்தில் இருந்தது.

"கமிட்டி வியாழக்கிழமைதான் கூடும்," என்றாள். பிறகு, "பரவாயில்ல, நானே இன்னிக்குப் போய் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடறேன். நாளைக்குப் பணத்தை எடுத்துக்கோ," என்றாள்.

நெவென்கா கதவுவரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நெவென்கா... அன்னிக்கு நான் சொன்னேனே, பிடித்தம்னு..."

"முன்னூத்திப் பத்துப் பேர்," என்றாள் நெவென்கா. "யாருக்கு எப்ப முடியுதுன்னு எனக்கே ஞாபகம் இருக்கறதில்ல."

அதுவும் பொய்தான். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று. ஆனால் அதற்காக அவர்கள் சிநேகிதிகளாகிவிடவில்லை. கேண்டீனில் வானிலை தொடர்ந்தது.

வங்கியில் திஹானா இரண்டாவது காகிதத்தை நிரப்பினாள். பன்னிரண்டு வருடம், ஏழரை வட்டி, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் குனா தவணை. காப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரி பாக்கி இருந்தது.

"கடன் தீர்ந்தது போக மிச்சம் ஏதாவது இருந்தா யாருக்குப் போகணும் மேடம்? ஒரு பேர் எழுதணும்."

நெவென்கா யோசித்தாள். திஹானா காத்திருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

"தம்பி பேரைப் போடும்மா," என்றாள் கடைசியில். வேறு பெயர் வரவில்லை.

சகல புனிதர் நாளுக்கு ஸ்லாவ்கோ வந்தான். தனியாகத்தான் வந்தான். காப்பிப் பொட்டலமும் சாக்லேட்டும் கொண்டுவந்தான். அம்மா அப்பா கல்லறையில் இருவருமாக இலைகளைப் பெருக்கி, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினார்கள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. நான்காம் முறை ஸ்லாவ்கோ தன் கோட்டை விரித்து மறைத்துக்கொண்டான். அப்போது மட்டும் பழைய தம்பி மாதிரி இருந்தான்.

மறுநாள் காலை நோட்டரி வாசித்தார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாயிரம் யூரோவை அவள் உறையில் கொடுத்தாள். மீதியை அடமானம் பதிவானதும் வங்கி அவன் கணக்குக்கு அனுப்பும்.

"இனிமே முழுசும் உன் வீடு, அக்கா," என்றான் வெளியே வந்ததும். "ஒண்ணும் தப்பா நினைச்சுக்கலியே?"

"இல்லடா. அடுத்த வருஷம் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா."

"பாக்கறேன். ஓட்டல்ல தங்கிக்கறோம், உனக்குத் தொந்தரவு வேணாம்."

அவன் அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னான். மூன்று மணிக்குக் காரைக் கிளப்பினான். கார் பாலத்தில் ஏறும்வரை அவள் ஜன்னலில் நின்றாள். பிறகு தம்பியின் சிறுவயது அறைக்குள் போய்ப் பார்த்தாள். இப்போது அதுவும் அவளுடையது. அதில் வைக்க அவளிடம் எதுவும் இல்லை.

ஜாமீன் போட்டவருக்கு விருந்து வைப்பது அந்த ஊர் வழக்கம். விருந்து வைக்காதவர் கடனைக் கட்டமாட்டார் என்றுகூடச் சொல்லிக்கொள்வார்கள். நெவென்கா யாருடைய ஜாமீன் விருந்துக்கும் போனதில்லை, வைத்ததும் இல்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஆந்துனை அழைத்திருந்தாள். காலையில் சந்தையில் கெண்டை மீன் வாங்கி, மிளகாய்ப்பொடியைத் தாராளமாகப் போட்டு, சிவக்கச் சிவக்கக் குழம்பு வைத்தாள். மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். தம்பி வரும் நாளைத் தவிர்த்தால், மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டாவது தட்டு.

பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"தப்பா நினைக்காதீங்க நெவென்காம்மா. அடுத்த ஷிப்ட் ஆளுக்குக் காய்ச்சல். கொதிகலனை விட்டு நகர முடியல."

அவள் ஒரு நிமிடம் அந்த இரண்டு தட்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பானையைத் துணியால் இறுக்கிக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்து ஆலைக்கு மிதித்தாள்.

கொதிகலன் அறையில் பேசினால் கேட்காது. ஆந்துன் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டான். அவளுக்கும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான்.

"உறைப்பு பத்தாது," என்று கத்தினான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கண்ணுல தண்ணி வடியுது உங்களுக்கு!"

"அது கரித்தூசி!" இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டான். "ஒரு சந்தேகம். நீங்க நிதிக்குக் கட்டாம ஓடிட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்க இல்ல?"

"பிடிப்பாங்க."

"யாரு பிடிக்கறது?"

"நான்தான்."

"ஓடிப்போன அப்புறமுமா?"

"வந்து பிடிச்சுட்டுப் போறேன்."

ஆந்துன் வாயில் மீனை வைத்துக்கொண்டே சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் தன் சிரிப்பு அவளுக்கே கேட்கவில்லை. பானையையும் கரண்டியையும் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, மேசையில் இருந்த இரண்டு தட்டுகளையும் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

நவம்பர் கடைசியில் சம்பளச் சீட்டுகள் அச்சாகி வந்தன. வழக்கம்போல் ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. விரித்தபடி கொடுக்க வேண்டியதை விரித்தபடியும், மடிக்க வேண்டியதை மடித்தும் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசி ஆளாக ஆந்துன்.

தன் சீட்டை வாங்கி மேல்பையில் போட்டுக்கொண்டவன் போகாமல் நின்றான்.

"உங்களோடது?"

"என்னது?"

"சீட்டு. உங்களுக்கும் இப்ப பிடித்தம் வந்திருக்குமே."

மேசை ஓரத்தில் அவளுடைய சீட்டு விரித்தபடி கிடந்தது. அவள் பெயருக்குக் கீழே இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக வங்கித் தவணை, உதவி நிதிக் கடன் என்று இரண்டு வரி கூடுதலாக ஏறியிருந்தது. அந்த அறைக்குள் அவளைத் தவிர யாரும் வருவதில்லை. யாரிடமிருந்து மறைப்பது என்று அவள் அப்படியே விட்டிருந்தாள்.

ஆந்துன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் சீட்டைப் பார்க்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பெரிய விரல்களால் இரண்டாக மடித்தான். "அந்த ஸ்டேப்ளர்," என்றான். வாங்கி ஒரு பின் அடித்தான். கோணலாக விழுந்தது. இன்னொன்று அடித்தான்.

"இந்தாங்க," என்று நீட்டிவிட்டுக் கொதிகலன் அறைப் பக்கம் நடந்தான்.

நெவென்கா ஜன்னலைச் சாத்தினாள். அந்தச் சீட்டை அவள் பிரிக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியுமே. பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.